எல் மரியாச்சி: ஒரே மாதிரி இரண்டு கிட்டார் பெட்டி

கறுப்பு உடை, கையில் கிட்டார் பெட்டி. இந்த இரண்டே அடையாளத்தைச் சொல்லி ஒருவனைத் தீர்த்துக்கட்ட ஆள் அனுப்புகிறான் ஒரு கடத்தல்காரன். அதே ஊருக்குள் கறுப்பு உடையும் கிட்டார் பெட்டியுமாக இன்னொருவனும் நுழைகிறான். அவன் பாடிப் பிழைக்க வேலை தேடி வந்த ஒரு மரியாச்சி, அதாவது மெக்சிகோவின் மரபுப் பாடகன். 1992இல் வந்த ‘எல் மரியாச்சி’யின் கதை இவ்வளவுதான். 81 நிமிடம் ஓடும் ஸ்பானிஷ் மொழிப் படம். மெக்சிகோவின் வடக்கு எல்லையில், டெக்சாஸ் மாநிலத்தை ஒட்டியிருக்கும் சியுதாத் அகுன்யா என்ற ஊரில் 14 நாட்களில் எடுத்து முடித்தார்கள். இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸுக்கு அப்போது வயது 23. செலவு சுமார் 7,000 டாலர்.

அந்த 7,000 டாலர்தான் இந்தப் படத்தைப் பற்றி எல்லோரும் சொல்லும் முதல் விஷயம். பல பேருக்கு அதுவே கடைசி விஷயமும்கூட. ஒரு மருந்துப் பரிசோதனைக்கு உடம்பைக் கொடுத்துச் சுமார் 3,000 டாலர் சம்பாதித்து, அங்கே அடைபட்டிருந்த நாட்களிலேயே திரைக்கதையையும் எழுதினார் என்ற கதையைக் கேட்டவர்கள், படத்தைப் பார்க்காமலே பாராட்டிவிடுவார்கள். ஆனால் படத்தின் உண்மையான சிக்கனம் கேமராவிலும் விளக்கிலும் தொடங்கவில்லை. கதையைத் தேர்ந்தெடுத்த இடத்திலேயே தொடங்கிவிட்டது. ஆள் குழப்பக் கதையைப்போல மலிவாக எடுக்கக்கூடிய ஆக்‌ஷன் கதை வேறு இல்லை. சரியாக எழுதினால் மட்டும்.

நமக்குப் பழக்கமான வழி இரட்டை வேடம். அதில் கேமராவை அசையாமல் நிறுத்தி, பாதித் திரையை மறைத்து இரண்டு முறை எடுக்க வேண்டும். முதுகு காட்ட ஒரு டூப் வேண்டும். இருவரும் ஏன் ஒரே முகம் என்று சொல்ல ஒரு பிளாஷ்பேக் வேண்டும். ரோட்ரிகஸ் இதில் எதையும் தொடவில்லை. சிறையிலிருந்து தப்பித்து வரும் கொலைகாரன் அசூலுக்கும் பாடகனுக்கும் முகத்தில் துளி ஒற்றுமை கிடையாது. ஒற்றுமை முழுவதும் பெட்டியில்தான். இரண்டு பழைய கிட்டார் பெட்டிகள்: ஒன்றில் கிட்டார், ஒன்றில் துப்பாக்கிகள்.

இந்த மாதிரிக் கதையில் வழக்கமாக ஓட்டை விழும் இடம் ஒன்று உண்டு. ‘இவன் அவன் இல்லை’ என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும், படம் முடிந்துவிடும். அதனால் எழுதுகிறவர்கள் பாத்திரங்களைப் பேசவிடாமல் ஏதாவது செய்து தடுப்பார்கள். பார்க்கிறவனுக்கு எரிச்சல் வரும். இங்கே அந்த அடைப்பு கச்சிதமாகப் போடப்பட்டிருக்கிறது. அசூலின் முகம் தெரிந்த வில்லன் மோகோ, தன் பண்ணை வீட்டு நீச்சல்குளத்தை விட்டு வெளியே வருவதில்லை. தெருவில் சுற்றும் அடியாட்களுக்கு அசூலின் முகம் தெரியாது. மோகோ எங்கே இருக்கிறான் என்று அசூலுக்கும் தெரியாது. மூன்று பக்கத்தையும் இணைப்பது தொலைபேசி ஒன்றுதான்.

தொலைபேசிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. போனில் பேசும் காட்சிக்கு இரண்டு நடிகர்கள் ஒரே நாளில் வர வேண்டியதில்லை. ஒருவர் பேசுவதைத் தனியாக எடுத்து முடித்து, மற்றவரை இன்னொரு நாள் இன்னொரு இடத்தில் எடுத்துக்கொள்ளலாம். கதையின் ஓட்டையை அடைக்கும் பூட்டும் தயாரிப்புச் செலவை அடக்கும் பூட்டும் ஒன்றாகவே இருக்கின்றன. படம் முழுக்க இந்த இரட்டைப் பயன் தெரிகிறது.

பெட்டி மாறும் இடம் படத்தின் மிகச் சிறந்த எழுத்து. மதுக்கடையில் அசூல் தவறுதலாகப் பாடகனின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். வெளியே மோகோவின் ஆட்கள் அவனை மடக்குகிறார்கள். கறுப்பு உடை, பெட்டி, எல்லாம் சரியாக இருக்கிறது. பெட்டியைத் திறக்கிறார்கள். உள்ளே கிட்டார். ‘போ’ என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு சரியான ஆளை, சரியான அடையாளத்தோடு பிடித்து, தவறான சோதனையால் விட்டுவிடுவது! அப்பாவி மாட்டிக்கொள்வது இந்த வகைப் படங்களில் சகஜம். குற்றவாளி தப்பிப்பதற்கும் அதே குழப்பமே காரணமாவது அபூர்வம். இந்தத் திருப்பத்துக்கு ஆன கூடுதல் செலவு பூஜ்யம். இதன் பிறகு பாடகனின் கையில் இருப்பது ஆயுதப் பெட்டி. அதுவரை பொய்யாக இருந்த அடையாளம் மெய்யாகிவிட்டது.

டொமினோ என்ற பெண் நடத்தும் மதுக்கடையில்தான் பாடகன் தஞ்சம் புகுகிறான். அவன் யார் என்று சோதிக்க அவள் எடுக்கும் வழியைக் கவனியுங்கள். அவன் குளியல் தொட்டியில் இருக்கிறான். கடிதம் பிரிக்கும் கத்தியை வைத்து அவனை மிரட்டி, கிட்டாரைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறாள். ஒரே அறை, ஒரே தொட்டி, இரண்டு பேர், ஒரு கத்தி. வாசிக்கத் தெரிந்தால் பாடகன், தெரியாவிட்டால் கொலைகாரன். பெயர், ஊர், காகிதம் எதை வேண்டுமானாலும் பொய்யாகச் சொல்லலாம். விரல் பழக்கத்தைப் பொய்யாகக் காட்ட முடியாது. காட்சியில் பதற்றமும் இருக்கிறது, சிரிப்பும் இருக்கிறது, காதலுக்கு விதையும் விழுந்துவிடுகிறது. துப்பாக்கிச் சண்டைகளை எல்லாம் விட இந்த மூன்று நான்கு நிமிடம் நினைவில் நிற்கும்.

இனி, எப்படி எடுத்தார்கள் என்பது. இரவல் வாங்கிய அர்ரிஃபிளெக்ஸ் 16எஸ் கேமரா. 16 மில்லிமீட்டர் பிலிம். ஓடும்போது தையல் இயந்திரம்போலச் சத்தம் போடும் கேமரா அது. பக்கத்தில் மைக் வைத்தால் வசனத்தைவிடக் கேமராதான் அதிகம் கேட்கும். அதனால் படம் முழுவதையும் ஊமையாகவே எடுத்தார்கள். ஒரு ஷாட் முடிந்ததும் கேமராவை நிறுத்தி, அதே இடத்தில், அதே நடிகரின் வாய்க்குப் பக்கத்தில் மைக்கைக் கொண்டுபோய், இப்போதுதான் பேசிய வசனத்தை அதே வேகத்தில் இன்னொரு முறை பேசவைத்துச் சாதாரண டேப் ரெக்கார்டரில் பதிந்துகொண்டார்கள்.

இந்த முறையில் ஒரு லாபம், ஒரு நஷ்டம். லாபம், குரலில் அந்த இடத்தின் எதிரொலி இருக்கும். மாதங்கள் கழித்து ஸ்டுடியோவில் டப்பிங் பேசினால் வரும் பெட்டிக்குள் பேசுகிற ஒலி வராது. நடிப்பின் சூடும் ஆறியிருக்காது. நஷ்டம், உதட்டசைவு. மனிதன் ஒரே வாக்கியத்தை இரண்டு முறை பேசினால் முதல் சில சொற்கள் பொருந்தும், பிறகு மெல்ல நழுவும். நழுவத் தொடங்கும் இடத்தில் கேமராவை வேறு எங்கேயாவது திருப்பியாக வேண்டும். டொமினோவின் நாய் இத்தனை முறை திரையில் வருவதற்குக் காரணம் அதுதான். பேச்சு நடுவில் சம்பந்தமில்லாமல் நாய் முகம் வந்தால், அங்கே வசனம் உதட்டை விட்டு ஓடிவிட்டது என்று அர்த்தம். கேட்பவரின் முகம், கை, மேசை எல்லாம் இதே வேலைக்குத்தான். அதனாலேயே வசனக் காட்சிகளிலும் வெட்டுகள் வேகமாக இருக்கின்றன. படத்தின் துடிப்பு என்று விமர்சகர்கள் எழுதியதில் பாதி இப்படி வந்தது.

கிளாப் பலகையும் இல்லை. காட்சி எண்ணையும் டேக் எண்ணையும் நடிகர்களே விரலைக் காட்டிச் சொன்னார்கள். திரைக்குப் பின்னால் தனிக் குழு என்று யாரும் இல்லை. அந்த ஷாட்டில் நடிக்காதவர் வேலை பார்த்தார். டிராலிக்குப் பதில் சக்கர நாற்காலி. நாற்காலியில் கேமராவோடு இயக்குநர் உட்கார, வேறொருவர் தள்ளினார். சமமான தரையில் இது நன்றாகவே வேலை செய்யும். கரடுமுரடான சாலையில் ஆட்டம் தெரியும், படத்திலும் சில இடங்களில் தெரிகிறது. அகலக் கோண லென்ஸ் போட்டால் ஆட்டம் குறைந்து தெரியும், வேகம் கூடித் தெரியும். துரத்தல் காட்சிகளில் அந்தத் தந்திரத்தைப் பார்க்கலாம். உள் காட்சிகளுக்குக் கிளிப்பில் மாட்டிய இரண்டு 200 வாட் விளக்குகள். அந்த வெளிச்சத்தில் ஒரு அறை முழுவதையும் காட்ட முடியாது, முகத்தை மட்டும் காட்டலாம். இரவுக் காட்சிகளில் குளோஸ்அப் இத்தனை இருப்பதன் ரகசியம் அவ்வளவே.

துப்பாக்கிகள் விஷயம் இன்னும் சுவாரசியம். உள்ளூர்க் காவல்துறையிடமிருந்து நிஜத் துப்பாக்கிகளை இரவல் வாங்கி, குண்டில்லாத வெற்றுத் தோட்டா போட்டுச் சுட்டார்கள். தானியங்கித் துப்பாக்கி ஒரு முறை சுட்டதும், அந்த வெடிப்பின் அழுத்தமே போல்ட் என்ற நகரும் பாகத்தைப் பின்னுக்குத் தள்ளி, காலிக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றும். வெற்றுத் தோட்டாவில் குழலை அடைக்கும் குண்டு இல்லை. அழுத்தம் முன்பக்கமாகத் தப்பிவிடும், போல்ட் முழுதாகப் பின்னால் வராது, துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். சினிமாத் துப்பாக்கியில் குழலின் வாயைப் பகுதியாக அடைத்து இதைச் சரிசெய்திருப்பார்கள். இரவல் துப்பாக்கியில் அதற்கு வழியில்லை. எனவே எந்திரத் துப்பாக்கியும் ஒரு வெடியோடு நின்றது.

ரோட்ரிகஸ் செய்தது: அந்த ஒரு வெடியைப் பல கோணங்களில் தனித்தனியாக எடுத்தார். இடையில் காலித் தோட்டாக்கள் தரையில் உதிரும் ஷாட், சுடப்பட்டவன் விழும் ஷாட், சுடுபவனின் முகம். மேலே தொடர்ந்து சுடும் ஒலியை ஒட்டினார். பார்ப்பவன் மனசு முப்பது தோட்டாவை எண்ணிக்கொள்ளும். தூரத்தில் நிற்கும் சிலரின் கையில் இருப்பது தண்ணீர்த் துப்பாக்கி. ரத்தத்துக்கு, போலி ரத்தம் நிரப்பிய ஆணுறையைப் பளுதூக்கும் பெல்ட்டின் மேல் கட்டி, சட்டைக்குள் மறைத்து வெடிக்க வைத்தார்கள். தடித்த பெல்ட் உடம்பைக் காக்கும். குறும்படம் எடுப்பவர்கள் இதைக் கேட்டு உற்சாகமாகிவிட வேண்டாம். வெற்றுத் தோட்டாவும் மிக அருகில் சுட்டால் ஆளைக் கொல்லும். வெடிமருந்து பயிற்சி பெற்றவர் கையில் மட்டுமே இருக்க வேண்டும். இன்று குழல் தீப்பொறியையும் ரத்தத்தையும் கணினியில் சேர்ப்பது அன்றைய தோட்டா விலையைவிட மலிவு. இங்கே கற்க வேண்டியது துப்பாக்கியை அல்ல, வெட்டும் வரிசையை.

பெரும்பாலும் ஒரே டேக்கில் எடுத்ததால் தவறுகள் அப்படியே படத்தில் இருக்கின்றன. தொடக்கத்தில் பாடகன் ஊருக்குள் வரும்போது சாலையில் ஒரு ஆமை ஊர்கிறது. அது தற்செயலாக வந்த ஆமை. தெருவில் இளநீர் வாங்கிக் குடிப்பவன் காசு கொடுப்பதை எடுக்க மறந்துவிட்டார்கள். திரும்பப் போய் எடுப்பதற்குப் பதில், அங்கே இளநீர் இலவசம் என்று பின்னணிக் குரலில் ஒரு வரி சேர்த்துச் சமாளித்தார் இயக்குநர். அந்த வரி ஊரின் வரவேற்பைக் காட்டும் நகைச்சுவையாகவே மாறிவிட்டது. பின்னணிக் குரலைப் படம் முழுக்க வைத்திருந்ததன் புத்திசாலித்தனம் இங்கே தெரிகிறது: எந்த ஓட்டைக்கும் ஒரு வரி ஒட்டு.

குறைகள் இல்லாமலில்லை. நடுப்பகுதியில் ஒரே துரத்தல் மூன்று விதமாக வருவதுபோல் இருக்கிறது. முதல் துரத்தல் அபாரம். ஓட்டல்காரர் போன் போட்டுக் காட்டிக்கொடுப்பதும், அறையிலிருந்து தப்பிப் பேருந்தின் மேல் போய் விழுவதும் மூச்சுவிட நேரம் தராது. பிறகு வருபவற்றில் வீதிகளின் வரைபடம் குழம்பிவிடுகிறது. யார் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார்கள் என்று தெரியாமல் போகிறது. ஓடுபவன் இடமிருந்து வலம் போனால் துரத்துபவனும் அதே திசையில் போக வேண்டும் என்ற அடிப்படை, ஆள் பற்றாக்குறையில் சில இடங்களில் விடுபட்டிருக்கிறது. சாதாரணப் பாடகன் பெட்டியிலிருந்து துப்பாக்கியை எடுத்த மாத்திரத்தில் குறி தவறாமல் சுடுவதும் உறுத்தல். ‘அவசரத்தில் பட்டுவிட்டது’ என்று ஒரு முறை ஒப்புக்கொள்ளலாம், ஆனால் பிணங்கள் அதிகம்.

பந்து, சிறுவன், வெட்டுண்ட தலை என்று வரும் கனவுக் காட்சிகள் பார்க்க நன்றாக இருந்தாலும், 23 வயது இயக்குநர் லென்ஸை வைத்து விளையாடுகிறார் என்பதற்கு மேல் அவற்றில் பெரிதாக ஒன்றுமில்லை. மின்னணுக் கீபோர்டு ஒன்றை வைத்துக்கொண்டு ஒரே ஆள் மொத்தக் குழுவாக வாசிக்கும் வேக நகைச்சுவை அதற்கு நேர்மாறு. பாடகனுக்கு ஏன் வேலை இல்லை என்பதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறது.

நடிப்பைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பாடகனாக வரும் கார்லோஸ் கயார்தோ, இயக்குநரின் நண்பர், இணைத் தயாரிப்பாளர். முகத்தில் அப்பாவித்தனம் இயல்பாக இருக்கிறது, அது போதும். டொமினோவாக வரும் கொன்சுவேலோ கோமெஸ் இருவரில் தடுமாற்றமில்லாமல் நடித்தவர். மோகோவாக நடித்த பீட்டர் மார்க்வார்ட், மருந்துப் பரிசோதனையில் ரோட்ரிகஸ் சந்தித்த ஆள், ஸ்பானிஷ் தெரியாது. ஒலியை மனப்பாடம் செய்து பேசிய அந்த விறைப்பு, வெள்ளைக் கோட்டு போட்ட அந்நிய முதலாளி என்ற பாத்திரத்துக்குப் பொருந்திவிட்டது. அடியாளின் முகத்து முடியில் தீக்குச்சியை உரசிச் சிகரெட் பற்றவைக்கிறானே, அந்த ஒரு செயலில் வில்லன் அறிமுகம் முடிந்துவிடுகிறது.

முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். ‘நீங்கள் பிடித்தது தப்பான ஆள்’ என்று மோகோ சொல்லும் காட்சி, எந்தப் படத்திலும் உச்சக்கட்டத்துக்காக ஒதுக்கி வைக்கப்படும். இங்கே அது முன்கூட்டியே, சாதாரணமாக வந்து போகிறது. பாடகனை விடுவித்தும் விடுகிறார்கள். குழப்பம் தீர்ந்துவிட்டது. ஆனால் அதற்குள் அசூல், மோகோவின் இடத்தைக் காட்டச் சொல்லி டொமினோவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். பாடகன் போய்ச் சேரும்போது அவள் பிணம். அடுத்து மோகோ சுடுவது பாடகனின் இடது கையை, அதாவது கிட்டாரின் தந்திகளை அழுத்தும் கையை. அடையாளத்தை நிரூபித்த விரல்களே போய்விட்டன; இனி அவன் தூக்கக்கூடியது மற்றப் பெட்டியை மட்டும். இவ்வளவு கறாரான முடிவைப் பெரிய நிறுவனம் ஒன்று முதலிலிருந்தே பணம் போட்டிருந்தால் விட்டிருக்குமா என்பது சந்தேகம்.

செலவுக் கணக்கில் ஒரு திருத்தம் அவசியம். 7,000 டாலர் என்பது படப்பிடிப்பும், பிலிம் கழுவியதும், வீடியோவில் மாற்றித் தொகுத்ததும் சேர்ந்தது. ஸ்பானிஷ் வீடியோ கேசட் சந்தையில் விற்பதுதான் முதல் திட்டம். திரையரங்குப் பிரதி அப்போது கிடையாது. ஹாலிவுட் நிறுவனமான கொலம்பியா பிக்சர்ஸ் வாங்கிய பிறகு 35 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கவும் ஒலியைச் சீர்படுத்தவும் பல மடங்கு செலவாயிற்று. சுமார் 2 லட்சம் டாலர் என்பார்கள். 1993இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது, அமெரிக்கத் திரையரங்குகளில் சுமார் 20 லட்சம் டாலர் வசூல், 2011இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம், இவை எல்லாம் பிறகு வந்தவை. ஆகவே ‘ஏழாயிரம் டாலரில் திரையரங்கு தரத்தில் படம் எடுக்கலாம்’ என்று கணக்குப் போடுபவர்கள், ஒலிக்கும் இறுதிப் பிரதிக்கும் தனியாக ஒதுக்கிவைப்பது நல்லது. சம்பளம் வாங்காத நண்பர்கள், இரவல் கேமரா, இலவச இடங்கள் ஆகியவற்றுக்கும் அந்தத் தொகையில் கணக்கில்லை. கையில் என்ன இருக்கிறது என்று முதலில் பட்டியல் போட்டு, அந்தப் பேருந்து, பைக், நாய், மதுக்கடை, சிறை ஆகியவற்றைச் சுற்றிக் கதை எழுதினார் என்பதைத்தான் பின்பற்ற முடியும்.

பார்க்கும்போது ஸ்பானிஷ் ஒலித்தடத்தையே தேர்ந்தெடுத்து, எழுத்துரையோடு பாருங்கள். ஆங்கில டப்பிங் கிடைத்தாலும் வேண்டாம். படப்பிடிப்பு இடத்திலேயே பதிந்த குரல்களை எடுத்துவிட்டால் இந்தப் படத்தில் பாதி உயிர் போய்விடும். டிஸ்க்கில் கிடைத்தால் இயக்குநரின் விளக்க உரையும் பத்து நிமிடப் பாடப் படமும் கூடவே வரும். எந்த வெட்டு எதை மறைக்கிறது என்பதை அவரே சொல்கிறார். பெரிய திரையில் மங்கலும் புள்ளியும் அதிகம் தெரியும், 16 மில்லிமீட்டரில் எடுத்ததன் இயல்பு அது. நடுத்தரத் தொலைக்காட்சியில் இதைவிட நன்றாக இருக்கும். ரத்தமும் கொலையும் நிறைய உண்டு, சிறு பிள்ளைகளோடு பார்க்கும் படம் இல்லை. இரண்டாம் முறை பார்ப்பவர்கள் துப்பாக்கிச் சண்டைகளில் ஒலியை நிறுத்திவிட்டு, ஒரே ஷாட்டுக்குள் ஒரு துப்பாக்கி எத்தனை முறை வெடிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.